கடைசி ஷாட்டில் அவள் திரும்பினாளா?

— அந்த நாற்காலிதானே அவரோடது?

— இல்ல, மிசஸ் பிரிட்சார்ட். அது என்னோடது. அவர் என் முதுகுக்குப் பின்னால நின்னுக்கிட்டுத்தான் பார்ப்பாரு.

— இருபது வருஷமாவா? வீட்டுல ஒரு சாயங்காலம் முழுசா என் பக்கத்துல உட்கார்ந்தது கிடையாது அந்த மனுஷன். இங்க வந்து கால் கடுக்க நின்னாராக்கும்.

— ஃபிலிமை ஓட்டிப் பார்க்கிற இந்த மூவியோலா மெஷின் முன்னால ஒரு ஆள்தான் உட்கார முடியும். திரை உள்ளங்கை அகலம்தான். ரெண்டாவது ஆள் பார்க்கணும்னா தோளுக்கு மேல குனியணும்.

— குனிவாரா?

— குனியாம எப்படிப் பார்க்கிறது?

— பதில் சொல்றதுலயும் கத்தரிக்கோல்தான் உனக்கு. இல்ல, உங்களுக்கு. மன்னிக்கணும், மிஸ் ஹல்வோர்சன். எங்க ஜார்ஜியாவுல மனசுல என்ன இருந்தாலும் வாயில மரியாதை இருக்கணும்னு சொல்லி வளர்த்துட்டாங்க.

— மனசுல இருக்கிற மாதிரியே கூப்பிடுங்க. அவரை அடக்கம் பண்ணின அன்னிக்கு சர்ச்சுல நீங்க என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையிலயே எனக்குக் கேட்டுடுச்சு.

— கடைசி வரிசையில உட்கார்ந்து அழுதே. சத்தமே வராம. ஓன்னு கத்தி அழறவளை நான் மன்னிச்சிடுவேன், கண்ணு. சத்தமில்லாம அழறவளுக்குத்தான் உள்ளுக்குள்ள ஏதோ உரிமை இருக்குன்னு அர்த்தம்.

— சிகரெட்டை இங்க பத்த வைக்காதீங்க, தயவுசெஞ்சு.

— இப்போ வர்ற ஃபிலிம் தீப்பிடிக்காதுன்னு என் லோவல் சொல்லியிருக்காரு.

— பிடிக்காது. நான் வேலை கத்துக்கிட்ட காலத்துல பிடிச்சுது. அந்தப் பயம் இன்னும் போகல.

— சரி, வெச்சுட்டேன். இந்த அறையைப் பார்க்கணும்னு எத்தனை வருஷமா நினைச்சிருக்கேன் தெரியுமா? என்னென்னமோ கற்பனை பண்ணி வெச்சிருந்தேன். ஒரு சோபா, மெல்லிசா ஒரு விளக்கு. வந்து பார்த்தா ஜன்னல் இல்லாத கோழிக் கூண்டு. கொடியில துணி காயப்போட்ட மாதிரி நாலு பக்கமும் ஃபிலிம் தொங்குது. இதுக்குத்தானா என்னை விட்டுட்டு ஓடி வந்தாரு?

— வேலைக்கு வந்தாரு. அவர் எடுக்கிற படத்தை வெட்டி ஒட்டற இடம் இதுதானே.

— எங்க பத்தாவது கல்யாண நாள். ஹாம் வெட்டி வெச்சாச்சு, விருந்தாளிங்க உட்கார்ந்தாச்சு. மனுஷன் ஒரு வாய் சாப்பிட்டாரு, சட்டுனு எழுந்து தொப்பியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. எங்க போனாரு?

— இங்கதான் வந்தாரு. ஒரு ஷாட்டை முன்னால தள்ளணும்னாரு. தள்ளினோம்.

— தள்ளினோம்! பார்த்தியா, அந்த ‘ஓம்’தான் எனக்குக் குத்துது. மத்த பொம்பளைங்களுக்குப் புருஷன் சட்டையில எவளோட செண்டு வாசமாவது வரும். எனக்குப் பசை வாசம். ஃபிலிம் ஒட்டற பசை. கோட்டை மாட்டினா அலமாரி பூரா அந்த நாத்தம். செண்டுன்னா எந்தக் கடையில வாங்கினதுன்னாவது துப்புத் துலக்கலாம். இதை எவகிட்டப் போய்ச் சொல்லி அழ? ‘என் புருஷன் மேல பசை வாசம் அடிக்குது’ன்னா சிரிக்க மாட்டாங்க?

— அது என் தலைமுடியிலயும்தான் போகாது. எத்தனை தடவை அலசினாலும்.

— அதைத்தானே சொல்றேன். ஒரே வாசம் ரெண்டு பேர் மேல. கைக்குட்டை விஷயத்தையும் கேட்டுடறேன். ஓரத்துல நான் என் கையால பூத்தையல் போட்ட கைக்குட்டை. கொஞ்ச நாள் காணோம். திரும்பி வந்தப்போ மொடமொடன்னு கஞ்சி போட்டு, நாலா மடிச்சு, இஸ்திரி போட்டு வந்துச்சு. எங்க வீட்டுல கைக்குட்டைக்குக் கஞ்சி போடற வழக்கமே கிடையாது. மூக்குத் தோல் உரிஞ்சிடும்.

— கத்தி என் கட்டைவிரலைக் கிழிச்சிடுச்சு. அவர் அதை எடுத்துக் கட்டினாரு. நான் துவைச்சுக் கொடுத்தேன். அப்போ எங்க அக்காகூட இருந்தேன். அவ லாண்டரியில வேலை பார்த்தவ. எங்க வீட்டுல எதை எடுத்தாலும் கஞ்சிதான்.

— உன் கையைப் பிடிச்சுக் கட்டினாரா?

— முதல்ல ஃபிலிமை நகர்த்தினாரு, ரத்தம் சொட்டிடப் போகுதுன்னு. அப்புறம்தான் என் கை.

— ம். அது அவரேதான். சந்தேகமில்ல.

— நீங்க கேட்க வந்ததை நேராக் கேட்டுடுங்க, மிசஸ் பிரிட்சார்ட்.

— கேட்கறேன். என் புருஷனை நீ விரும்பினியா?

— ஆமா.

— கொஞ்சம் மூச்சாவது வாங்கிட்டுச் சொல்லக் கூடாதா நீ? அவரு?

— நான் கேட்டதில்ல. அவர் சொன்னதில்ல. அந்தக் கட்டைவிரலைத் தவிர என்மேல அவர் கை பட்டதும் இல்ல. நீங்க நம்பணும்னு அவசியம் இல்ல.

— நம்பறேன். அதான் இன்னும் எரியுது. தொட்டிருந்தா நான் சட்டியைத் தூக்கி அடிச்சிருப்பேன், ஒரு வக்கீலைப் பார்த்திருப்பேன். இதுக்கு என்ன செய்யறது? உன் பேரை அவர் வீட்டுல எடுக்கவே மாட்டாரு, தெரியுமா? கேமராக்காரன் குடிச்சதைச் சொல்லுவாரு. மேக்கப்காரன் மாமியார் வந்ததைச் சொல்லுவாரு. உன்னைப் பத்தி ஒரு வார்த்தை வராது. பேசாத பேருக்குத்தான் பொண்டாட்டி பயப்படணும்.

— உங்க பேரையும் இங்க எடுத்ததில்ல. அதை நான் எனக்குக் கிடைச்ச மரியாதைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இந்த அறைக்குள்ள உங்களைக் கூட்டிட்டு வராம இருக்காரேன்னு.

— அடிப்பாவி. எவ்வளவு அமைதியாச் சொல்றே. எங்கிருந்து வந்து சேர்ந்தே நீ?

— வடக்கு டகோட்டா. மாட்டுப் பண்ணை. வருஷத்துல பாதி பனி. அக்காவைத் தேடிக்கிட்டு இங்க வந்தப்போ ஃபிலிம் ஒட்டறதுக்குப் பொண்ணுங்களை எடுத்துக்கிட்டிருந்தாங்க. கை நடுங்கக் கூடாது, அவ்வளவுதான் தகுதி. பால் கறந்த கை, நடுங்கல. படம் பேசாத காலம் அது. மெஷின் கிடையாது. ஃபிலிமை வெளிச்சத்துல பிடிச்சு, விரல்ல இழுத்து, கண்ணாலயே பார்த்து வெட்டணும். அறை பூராப் பொண்ணுங்கதான். பாட்டுப் பாடிக்கிட்டு வெட்டுவோம்.

— அப்புறம்?

— படம் பேச ஆரம்பிச்சுது. சத்தம்னா எந்திரம், எந்திரம்னா ஆம்பளை வேலைன்னாங்க. எங்களை ஒரு வரிசை பின்னால தள்ளிட்டாங்க. நான் வெட்டின படத்துல எவன் எவன் பேரோ வரும். கொட்டகையில உட்கார்ந்து பார்ப்பேன். அப்பத்தான் பிரிட்சார்ட் தன்னோட முதல் படத்தைக் கொண்டாந்து கொட்டினாரு. எந்த எடிட்டரும் தொடல. குப்பைன்னாங்க. தயாரிப்பாளர் ரிவ்கின் அதை என்கிட்டக் கொடுத்தாரு.

— என் புருஷன் எடுத்தது குப்பையா?

— முதல் படம் குப்பைதான். அதுல ஒரு நல்ல படம் புதைஞ்சு கிடந்துச்சு. தோண்டி எடுத்தோம். அதுலேர்ந்து அவர் படம் எல்லாத்துலயும் என் பேரு வந்துச்சு. அதுக்காக நான் அவருக்கு நன்றியோட இருக்கேன். மத்தது வேற கணக்கு.

— இந்தக் கடைசிப் படத்துல வராது. அதைச் சொல்லத்தான் வந்தேன். திங்கக்கிழமை காலையில டாலிவர்னு ஒருத்தர் வர்றாரு. மிச்சத்தை அவர் முடிப்பாரு. நீ உன் கையுறையை எடுத்துக்கிட்டுக் கிளம்பலாம், கண்ணு.

— கடைசி ஷாட் மட்டும்தான் பாக்கி இருக்கு.

— அந்தக் கடைசி ஷாட்டை நீ தொடக் கூடாது. அதான் எனக்கு வேணும். அவரோட கடைசிக் காரியம் உன் கையால முடியக் கூடாது.

— உள்ள வரலாமா, மேடம்? ரெண்டு பேரும் உயிரோடதான் இருக்கீங்களா?

— வாங்க, மிஸ்டர் ரிவ்கின்.

— கடவுளே, இந்த வயசுல எனக்கு இந்தத் தலையெழுத்து. தயாரிப்பாளர்னு பேரு. செய்யறது தூது போற வேலை. மேடம், லோவல் போட்ட ஒப்பந்தப்படி படத்துல கடைசி வார்த்தை அவனோடது. அவன் போயிட்டான், அது உங்களோடது. யாரை வேணாலும் வெச்சுக்கங்க, யாரை வேணாலும் அனுப்புங்க. ஆனா டாலிவர் திங்கக்கிழமைதானே வருவாரு? எனக்கு சாயங்காலத்துக்குள்ள முடிவு வேணும். இசைக்காரங்க காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. ஃபிலிம் கழுவற லேப்காரன் கத்தறான். கடைசி ஷாட்டுல அந்தப் பொண்ணு பஸ் ஏறறா. திரும்பிப் பார்க்கறாளா, பார்க்கலையா? லோவல் ரெண்டு விதமாவும் எடுத்து வெச்சுட்டுச் செத்துப் போயிட்டான். செட்டுல அவனால ஒரு முடிவுக்கு வர முடியாது, எப்பவுமே. ராத்திரி யோசிக்கிறேன்பான், காலையில வந்து கச்சிதமாச் சொல்லுவான். இந்தத் தடவை காலையில அவன் எழுந்திரிக்கல.

— எனக்குத் தெரியும் அவர் என்ன நினைச்சாருன்னு.

— எனக்கும் தெரியும், மிஸ்டர் ரிவ்கின்.

— ரெண்டு பேருக்கும் தெரியுமா? ரொம்ப சந்தோஷம். ஒரு காபி குடிச்சுட்டு வர்றேன். அதுக்குள்ள ஒரே பதிலா ஆக்கி வைங்க, தாயே.

— அந்த ரெண்டு ஷாட்டையும் எனக்குக் காட்டு. நாற்காலியை விட்டு எழுந்திரு. நான் உட்காரணும்.

— உட்காருங்க. கால்கிட்ட பெடல் இருக்கு, மிதிச்சுடாதீங்க. இவதான் கதாநாயகி. பண்ணை காஞ்சு போச்சு, புருஷன் போயிட்டான். வீட்டைப் பூட்டிக்கிட்டுக் கிளம்பறா. இது முதல் விதம். பஸ் ஏறறா, உட்கார்றா, முன்னால பார்க்கறா.

— முடிஞ்சுதா?

— பொறுங்க. ஓடட்டும்.

— அந்த வார்த்தையைச் சொல்லாதே.

— எதை?

— ‘ஓடட்டும்.’ அது எங்க வீட்டு வார்த்தை. அவர் வார்த்தை. அதை எல்லாம் நீ உன் வாயில போட்டுக்கிட்டுத் திரியாதே.

— சரி. இது ரெண்டாவது விதம். படியில கால் வைக்கிறா, நிக்கிறா, வீட்டைத் திரும்பிப் பார்க்கறா. அப்புறம் ஏறறா.

— இது வேண்டாம். முதலாவதுதான். அவ திரும்பக் கூடாது.

— பிரிட்சார்ட் திரும்பணும்னுதான் சொன்னாரு.

— உன்கிட்டச் சொன்னாராக்கும். என்கிட்டச் சொன்னது வேற. போறதுக்கு ரெண்டு நாள் முன்னால, ராத்திரி சாப்பிட உட்கார்ந்தப்போ. நான்கூடத் திரும்பினா என்னன்னு கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டு வாயை மூடிக்கிட்டேன். அவ்வளவு அழகாச் சொன்னாரு.

— எனக்கு மறுநாள் காலையில சொன்னாரு. அப்போ அதுதானே கடைசி? நானும் அதுவரைக்கும் திரும்பக் கூடாதுன்னுதான் பிடிவாதமா இருந்தேன். அவர் ஒரு வாக்கியம் சொன்னாரு. அதுக்கு மேல என்னால பேச முடியல.

— அப்படி என்ன சொன்னாரு, உன் வாயையே அடைக்கிற மாதிரி?

— ‘விட்டுட்டுப் போறவ திரும்பிப் பார்க்கறது அழறதுக்கு இல்ல, தோரா. அடுப்பை அணைச்சோமான்னு ஒரு சந்தேகம். இனிமே எரிஞ்சாலும் அவளுக்கென்ன? ஆனாலும் பார்ப்பா.’

— என்ன சொன்னே?

— அடுப்பை அணைச்சோமான்னு...

— அவரா? லோவல் பிரிட்சார்டா? அந்த மனுஷனுக்கு எங்க வீட்டு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியுமா? அது நான் சொன்னது. எங்க அம்மா வீட்டை விட்டு வந்தப்போ எனக்கே நடந்தது. சாப்பிடறப்போ அவர்கிட்ட அதைத்தான் சொன்னேன். அவர் ‘இல்ல, யூஜீனியா’ன்னு தலையை ஆட்டிட்டாரு.

— உங்ககிட்ட அவர் என்ன சொன்னாரு?

— ‘பனியில போறவ திரும்ப மாட்டா. நம்ம சுவடு பின்னால மூடிக்கிட்டே வரும். திரும்பினா வந்த வழியும் போச்சு, போற வழியும் போச்சு. முன்னால போற மாட்டோட முதுகைப் பார்த்துக்கிட்டே நடக்கணும்’னாரு. நான் கையில இருந்த முள்கரண்டியைக் கீழ வெச்சுட்டேன். அப்படியே... ஏன் அப்படிப் பார்க்கறே?

— மிசஸ் பிரிட்சார்ட், அவர் எந்த ஊரு?

— பாசடேனா.

— பனியைப் பார்த்திருக்காரா?

— ஆரஞ்சுத் தோப்புக்குள்ள பொறந்த மனுஷன். பனியை ஸ்டூடியோவுல மூட்டையிலேர்ந்து கொட்டித்தான் பார்த்திருப்பாரு.

— மாட்டை?

— ...தட்டுல.

— எங்க அப்பா அப்படித்தான் எங்களைக் கூட்டிட்டுப் போவாரு. அதே நாள் மத்தியானம், இதே இடத்துல, நான் அவர்கிட்டச் சொன்னேன். முட்டை சாண்ட்விச்சைத் தின்னுக்கிட்டே கேட்டுக்கிட்டாரு.

— அதைக் கொண்டாந்து எனக்குப் போட்டாரு. என்னோடதைக் கொண்டாந்து உனக்குப் போட்டாரு.

— அப்போ நீங்க இவ்வளவு நேரம் என் ஷாட்டுக்காகச் சண்டை போட்டிருக்கீங்க.

— நீ என்னோடதுக்காக. ரெண்டு பைத்தியங்க.

— ஒண்ணு கேட்கணும். அவரோட முதல் படத்துல, யுத்தத்துக்குப் போன புருஷன் திரும்பி வருவான். கதவு திறக்கும். எல்லாரும் கேமரா அவன் முகத்துக்குப் போகணும்னாங்க. பிரிட்சார்ட் ஒரு நாள் காலையில வந்து, ‘அவனைக் காட்டாதே. அவ உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டே இருக்கட்டும். கதவுச் சத்தம் கேட்டப்புறமும் கையில இருக்கிறதை முடிச்சுட்டுத்தான் நிமிருவா’ன்னாரு. பத்திரிகைக்காரங்க எல்லாம் அதைத்தான் எழுதினாங்க.

— உருளைக்கிழங்கு இல்ல. பீன்ஸ். அவர் மூணு மாசம் வெளியூர்ப் படப்பிடிப்புக்குப் போயிட்டு வந்தாரு. நான் சமையல்கட்டுல பீன்ஸ் உரிச்சுக்கிட்டிருந்தேன். ‘ஏன் ஓடி வரல நீ?’ன்னு கோவிச்சுக்கிட்டாரு. ‘கையில இருக்கிற நாலையும் உரிச்சு முடிச்சாத்தான் வந்திருக்கிறது நீங்கதான்னு என் மனசு நம்பும்’னு சொன்னேன்.

— அது உங்களோடதா?

— கண்ணு, ஏன் முகம் இப்படி வெளுத்துப் போச்சு உனக்கு?

— அன்னிக்குத்தான். அந்தக் காலையிலதான். ஒரு ஆம்பளைக்கு இது தெரியுதேன்னு நினைச்சேன். ஒரு பொம்பளை எப்படிக் கேட்பா, எப்படிக் காத்திருப்பான்னு இந்த ஆளுக்குத் தெரியுதேன்னு. அதுக்கப்புறம் வேற யாரையும் நான் ஏறெடுத்துப் பார்த்ததில்ல. ஒருத்தர் கேட்டாரு, நல்ல மனுஷன், சவுண்டுல வேலை பார்த்தாரு. முடியாதுன்னுட்டேன்.

— ஐயோ, இது எவ்வளவு நல்லா இருக்கு. இருபது வருஷம் என்னைத் தூங்க விடாம அடிச்சவ, காதலிச்சது என் பீன்ஸை! இன்னும் சொல்லு. வேற எதுக்கெல்லாம் உருகினே? எல்லாத்தையும் சொல்லு. ஒவ்வொண்ணா நான் எடுத்துக்கறேன்.

— சிரிங்க. உங்களுக்கு உரிமை இருக்கு.

— சிரிக்காம என்ன செய்ய? இன்னிக்குத்தான் முதல் தடவையா உன்மேல எனக்குப் பொறாமையே இல்ல. அவர்கிட்ட நீ பார்த்ததெல்லாம் நான்தான். உன் பங்குக்கு அவர்கிட்ட என்ன இருந்துச்சு? பசை வாசம்! அதை நீயே வெச்சுக்க.

— மிசஸ் பிரிட்சார்ட், கையை எடுங்க, ஃபிலிம் கசங்குது.

— கசங்கட்டும். ஓடட்டும்.

— ...

— என்ன? ஏன் பேசாம இருக்கே? ‘ஓடட்டும்’னு நான் சொன்னா உனக்கென்ன?

— ஒண்ணுமில்ல.

— அது யாரோட வார்த்தை?

— எடிட்டிங் ரூம்ல எல்லாருமே சொல்றதுதான்.

— தோரா. அது யாரோட வார்த்தை?

— விடுங்க.

— எனக்கு அடலைன்னு ஒரு குழந்தை இருந்தா. நடக்க ஆரம்பிச்சுட்டா. காய்ச்சல். கொண்டு போய்ப் புதைச்சுட்டு வந்து நான் அழுதேன். எங்க அக்கா போதும்னா, பாதிரியார் போதும்னாரு, டாக்டர் மருந்து கொடுத்தாரு. லோவல் மட்டும் ஒண்ணு சொன்னாரு. அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. இப்பவும் சொல்லப் போறதில்ல. சொல்லி, அதுவும் உன்னோடதுன்னு ஆயிட்டா எனக்குன்னு எதுவுமே மிஞ்சாது.

— சொல்லாதீங்க.

— சொல்லாம இருக்கவும் முடியலையே. என்னைப் பிடிச்சு உட்கார வெச்சு, ‘அழு. பாதியில வெட்டாதே. அது தானா நிக்கும். நிக்கிற இடத்துல ஒரு மூச்சு வரும். அந்த மூச்சு வர்ற வரைக்கும் ஓடட்டும்’னாரு. நான் அவரை விட்டுப் போயிடணும்னு பெட்டிகூட எடுத்து வெச்சிருந்தேன். அந்த ஒரு பேச்சுக்காக இருந்தேன். இவ்வளவு காலமும் அதுக்காகத்தான் இருந்தேன்.

— அது அவர் சொன்னதாத்தான் இருக்கும்.

— உனக்குப் பொய் வரல, கண்ணு. பார்வை எங்கயோ போகுது. உண்மையைச் சொல்லு.

— குழந்தை போனதை அவர் எங்ககிட்டச் சொல்லவே இல்ல. ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும். அந்தச் சமயத்துல ஒரு அம்மா அழற காட்சி வெட்டிக்கிட்டிருந்தோம். நீளமா இருக்கு, குறைன்னு மேலிடத்துல சொன்னாங்க. நான் மாட்டேன்னு பிடிவாதமா நின்னேன். அப்போ சொன்னது அது. காட்சிக்குச் சொன்னேன். உங்களுக்குன்னு தெரியாது.

— அந்த மூச்சும் உன்னோடதா? அப்போ அன்னிக்கு என் பக்கத்துல உட்கார்ந்து என்னைக் கட்டிப் பிடிச்சிருந்தது யாரு?

— அவர்தான். வார்த்தை என்னோடதா இருக்கலாம். வீட்டுவரைக்கும் சிந்தாமக் கொண்டாந்தது அவர்தானே. எங்க கொடுக்கணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அதை நான் அவர்கிட்டேர்ந்து பிடுங்கிக்க மாட்டேன்.

— நீ பெரிய மனசுக்காரி. நான் இல்ல. எனக்கு இப்போ அந்த மனுஷனைத் தோண்டி எடுத்து உலுக்கணும் போல இருக்கு. அவராச் சொன்னது ஒண்ணாவது இருக்கா? யோசி. நானும் யோசிக்கிறேன்.

— ‘மழை வரும் போல’ம்பாரு.

— வராது. அதுவும் சரியா இருந்ததில்ல.

— இந்தாங்க, என் கைக்குட்டை. மொடமொடன்னுதான் இருக்கும்.

— கொடு. ...மூக்கு உரியுது, சனியன். சரி, அந்த மெஷினை ஓட்டு. திரும்பறதைப் போடு.

— ஏன்?

— நான் நிஜமாவே பார்க்கணும். இவ்வளவு நேரமும் உன்னைத் தோக்கடிக்கத்தான் பார்த்தேன். ...நிறுத்து. தப்பு. படியில ஏறறப்பவே திரும்பறா. அடுப்பு ஞாபகம் அப்போ வராது. அப்போ மூட்டை ஞாபகம்தான் இருக்கும், படி ஞாபகம் இருக்கும். உட்கார்ந்து, மூச்சு விட்டு, எல்லாம் முடிஞ்சுதுன்னு தோணினப்புறம்தான் திடுக்குனு வரும்.

— உட்கார்ந்தப்புறம் அவ முன்னால பார்க்கறா. அது முதல் விதத்துல இருக்கு. அவ ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. அதை நான் விட்டுக் கொடுக்க மாட்டேன்.

— யாரு விட்டுக் கொடுக்கச் சொன்னா? பார்க்கட்டும். நல்லா பார்க்கட்டும். எவ்வளவு நேரம் பார்ப்பா?

— பஸ் கிளம்பி, குலுங்கி, ஜன்னல்ல மரம் போக ஆரம்பிக்கிற வரைக்கும். கொட்டகையில உட்கார்ந்திருக்கறவன் இவ திரும்ப மாட்டான்னு முடிவு பண்ற வரைக்கும்.

— அங்க திரும்பட்டும்.

— அப்படி எடுக்கலையே. உட்கார்ந்தப்புறம் திரும்பற ஷாட் கிடையாது. ...பொறுங்க. படியில திரும்பறப்போ குளோசப் ஒண்ணு இருக்கு. முகம் மட்டும். பின்னால வெறும் வானம். படியா சீட்டான்னு எவனுக்கும் தெரியாது. வெள்ளைப் பென்சிலைக் கொடுங்க.

— இதா?

— அதான். இங்க ஒரு கோடு. அந்தக் கொக்கியில மூணாவதாத் தொங்குது பாருங்க, அதை எடுங்க. ஓரத்தைப் பிடிச்சு. விரல் படக் கூடாது.

— பீன்ஸ் உரிச்ச கை, கண்ணு. நடுங்காது.

— ஒட்டிட்டேன். பாருங்க. ரோட்டைப் பார்க்கறா. பார்க்கறா. பஸ் குலுங்குது. மரம். இன்னொரு மரம்...

— ஓடட்டும்.

— ...

— ஐயோ.

— ஆமா.

— இதை அவர் ஒரு நாளும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாரு. ஒரு நேரத்துக்கு ஒண்ணைத்தான் தூக்கிட்டு வந்தாரு, பாவம். தோரா, டாலிவருக்கு நான் போன் பண்ணிடறேன். வர வேண்டாம்னு.

— சரி, யூஜீனியா.

— மேடம், காபி குடிச்சாச்சு. காபியோட அந்த லேப்கார முட்டாள்கிட்டத் திட்டும் வாங்கியாச்சு. முடிவு உண்டா?

— உண்டு, மிஸ்டர் ரிவ்கின். வந்து பாருங்க. தோரா, அவருக்குப் போட்டுக் காட்டு.

— ம்... ம்... திரும்பல. நல்லது... ஓ. ஓ, கடவுளே. இதையா யோசிச்சு வெச்சிருந்தான் அந்தப் படுபாவி? லோவலேதான். அச்சு அசல் லோவல். உங்ககிட்ட எப்போ சொன்னான்?

— மிஸ்டர் ரிவ்கின், உங்களை ஒண்ணு கேட்கணும். இத்தனை வருஷம் எங்க வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கீங்க. ஒரு தடவைகூட நீங்க ஏன் என்னை இந்த அறைக்குக் கூப்பிடல?

— நானா? ஏன், முதல் படத்தப்பவே கேட்டேனே! ‘லோவல், உன் பொண்டாட்டி கெட்டிக்காரி, தோராவும் கெட்டிக்காரி, ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உட்கார வை’ன்னேன். அவன் முகம் செத்துப் போச்சு. ‘வேண்டாம், ரிவ்கின், அவங்க ரெண்டு பேரும் ஒரு தடவை மனசு விட்டுப் பேசிட்டா நான் ஒழிஞ்சேன்’னான். மன்னிக்கணும், மேடம். நான் அதைக் காதல் விவகாரம்னு நினைச்சுட்டேன்.